மைனஸ் 25 உத்தமபாளையத்துக்கு எப்பய்யா வந்துச்சு?

முதல்லயே சொல்லிடறேன், இது கொஞ்சம் காரமான பதிவு. ஆணி புடுங்குற நேரத்துக்கு நடுவுல எழுதுறது, அதனால அங்கங்க சுதி விலகும். பொறுத்துக்கங்க மக்களே.

நம்மாளுங்களுக்கு ஒரு வியாதி உண்டு. "எதுக்கும் பெருசாவே வாங்கிப் போட்டுருவோம்". வீட்ல இருக்கறது ரெண்டு பேர், குக்கர் பத்து லிட்டர். முப்பது தென்னைக்கு ஏழரை எச்.பி மோட்டார். கேட்டா "எதுக்கும் இருக்கட்டும்". இந்த வியாதி இப்ப ஹீட் பம்ப்புக்கும் பரவிருச்சு. இதுக்கு நேர் எதிரா இன்னொரு வியாதியும் இருக்கு. "குளிர்ல அதெல்லாம் வேலைக்கு ஆகாதுப்பா". ரெண்டும் ஒரே குடும்பத்துல, சில நேரம் ஒரே ஆள் வாயில இருந்தே வரும். இந்தப் பதிவு ரெண்டு கோஷ்டிக்கும் எதிரானது. ரெண்டு பக்கமும் அடி வாங்கப் போறேன்னு தெரிஞ்சேதான் எழுதுறேன்.

எங்க சொந்தத்துல இப்ப மூணு வீட்டுல இந்தப் பேச்சு ஓடுது. மாமா மகன், அதாவது என் மச்சான், கனடாவுல மிசிசாகாவுல இருக்கான். அவன் வீட்டு கேஸ் பர்னஸுக்கு வயசாயிருச்சு, அதுக்குப் பதிலா ஹீட் பம்ப் போடலாம்னு பாக்குறான். அங்க இருக்கற காண்டிராக்டர் "கோல்ட் கிளைமேட் மாடல் போடுங்க, மைனஸ் 25 வரைக்கும் ஓடும்"னு சொல்லியிருக்காரு. அவன் அதை மாமாகிட்ட சொல்ல, மாமாவுக்குக் கொடைக்கானல்ல ஒரு சின்ன வீடு இருக்கு, அங்க ரூமைச் சூடாக்க அதே மாதிரி ஒண்ணு வேணும்னு தேட ஆரம்பிச்சுட்டாரு. மாமா அதை அப்பாகிட்ட சொல்ல, உத்தமபாளையத்துல எங்க வீட்டு கீசர் ஓட்டையாகி மாத்துற நேரம் பாத்து, தேனியில ஒரு கடைக்காரர் நீட்டுன கொட்டேஷன்லயும் "மைனஸ் 25" இருக்கு. விலை சாதாரண மாடலை விட ஒன்றரை மடங்கு.

உத்தமபாளையத்துல மைனஸ் 25. நல்லாப் படிங்க. மார்கழி விடியக்காலைல காளாத்தீஸ்வரர் கோயிலுக்குப் போறவங்க தலைக்கு மப்ளர் கட்டுவாங்க, அதுதான் எங்க ஊரு குளிரோட உச்சக்கட்டம்.

"நீதான் இன்ஜினியராச்சே, நீயே சொல்லு"ன்னு போன் வந்துச்சு. படிச்சது மெக்கானிக்கல், பாக்குறது பொட்டி தட்டுற வேலை. ஆனாலும் தெர்மோடைனமிக்ஸ் பேப்பரை முதல் தடவையிலயே பாஸ் பண்ணவன்ங்கற தகுதியில சொல்றேன்.

ஹீட் பம்ப்னா என்னமோ புது வஸ்துன்னு நினைக்க வேணாம். உங்க வீட்டு ஏசி ஒரு ஹீட் பம்ப். பிரிட்ஜ் ஒரு ஹீட் பம்ப். ஒரு இடத்துல இருக்கற சூட்டை எடுத்து இன்னொரு இடத்துல கொண்டு போய்க் கொட்டுற மெஷின், அவ்வளவுதான். ஏசி ரூம் சூட்டை வெளிய கொட்டுது. அதையே திருப்பி விட்டா வெளிய இருக்கற சூட்டை உள்ள கொட்டும். தண்ணித் தொட்டிக்குள்ள கொட்டினா கீசர். கீசர் காயில் கரண்டை எரிச்சு சூடு உண்டாக்குது, ஒரு யூனிட் கரண்டுக்கு ஒரு யூனிட் சூடு, அதுக்கு மேல ஒரு பொட்டு கிடையாது. ஹீட் பம்ப் சூட்டை உண்டாக்குறதில்ல, தூக்கிட்டு வருது. தூக்குற கூலிதான் கரண்டு. அதனால ஒரு யூனிட்டுக்கு மூணு, நாலு யூனிட் சூடு கிடைக்கும். இந்த மூணு, நாலுங்கற எண்ணைத்தான் சி.ஓ.பி-ன்னு சொல்றது.

இதை எங்க ஊர்க்காரங்களுக்குப் புரிய வைக்க ஒரே ஒரு உதாரணம் போதும். கிணறு. கம்பம் பள்ளத்தாக்குல முல்லைப் பெரியாறு பாயுற வயக்காட்டை விடுங்க, அதைத் தாண்டி மேட்டுல திராட்சை, தென்னை வச்சிருக்கவன் அத்தனை பேருக்கும் மோட்டார் பத்தித் தெரியும். மோட்டார் தண்ணியை உண்டாக்குதா? இல்ல. கீழ இருக்கறதை மேல தூக்குது. தண்ணி பதினஞ்சு அடியில கிடந்தா சின்ன மோட்டார், கம்மிக் கரண்டு. ஆழம் போகப் போக அதே ஒரு குடம் தண்ணிக்குக் கூடுதல் கரண்டு. ஹீட் பம்ப்புக்கு வெளிக் குளிர்தான் கிணத்து ஆழம். உள்ள உங்களுக்கு வேணும்ங்கற சூடுதான் மாடித் தொட்டி. ரெண்டுக்கும் நடுவுல இருக்கற உயரம் எவ்வளவு, அதை மட்டும் பாருங்க.

இன்னும் ஒரு படி போவோம். தரை மேல வைக்கிற மோனோபிளாக் மோட்டார், தண்ணி இருபத்தஞ்சு அடிக்குக் கீழ போயிட்டா உறிஞ்சாது. அஞ்சு எச்.பி-க்குப் பதிலா பத்து எச்.பி வச்சாலும் உறிஞ்சாது. ஏன்னா தண்ணியை மேல தள்ளுறது மோட்டார் இல்ல, வெளிக்காத்தோட அழுத்தம். கணக்குப்படியே அது 34 அடிக்கு மேல தள்ளாது, நடைமுறையில அதுலயும் கம்மி. அப்ப என்ன பண்ணுவோம்? சப்மெர்சிபிள் இறக்குவோம். அது வேற டிசைன். பெரிய மோனோபிளாக் இல்ல.

சாதாரண ஹீட் பம்ப்புக்கும் கோல்ட் கிளைமேட் ஹீட் பம்ப்புக்கும் ஏறக்குறைய இதே வித்தியாசம்தான். உள்ள ஓடுற கேஸ், ஆர்-32-ன்னு வச்சுக்கங்க, கிட்டத்தட்ட மைனஸ் 52 டிகிரியிலயே கொதிச்சுரும். அதனால வெளிய மைனஸ் 10 இருந்தாலும் அந்த கேஸுக்கு அது சூடான காத்துதான், அதுல இருந்து சூட்டை உறிஞ்சும். பிரச்சினை எங்க வருதுன்னா, குளிர் ஏற ஏற கம்ப்ரஸருக்குள்ள வர்ற ஆவி மெலிஞ்சு போகுது. ஒவ்வொரு சுத்துக்கும் அள்ளுற கேஸோட எடை குறையுது. இன்னொரு பக்கம் அமுக்க வேண்டிய விகிதம் கூடிட்டே போகுது, வெளிய வர்ற கேஸ் எக்கச்சக்கமா சூடேறி ஆயிலையே கெடுக்கப் பாக்குது. உங்களுக்கு சூடு அதிகமா தேவைப்படுற நேரம் பாத்து மெஷின் கம்மியாத் தருது. சாதாரண மாடல்ல நல்ல குளிர்ல பாதிக்குப் பாதி போயிரும், சிலது ஒரு கட்டத்துல நின்னே போயிரும். கோல்ட் கிளைமேட் மாடல்ல வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற கம்ப்ரஸர் வச்சு, அமுக்கிட்டு இருக்கும்போதே நடுவழியில கொஞ்சம் குளிர்ந்த ஆவியைச் செருகுவாங்க. இதனால சூடும் கட்டுக்குள்ள இருக்கும், அள்ளுற அளவும் குறையாது. மிட்சுபிஷியோட ஹைப்பர் ஹீட் வரிசையில சில மாடல்கள் மைனஸ் 15-லயும் முழுத் திறனையும் தரும்னு கம்பெனியே போட்டிருக்கு. நல்ல சரக்குதான், மறுக்கல. சப்மெர்சிபிளும் நல்ல சரக்குதான். பதினஞ்சு அடிக் கிணத்துல அதை எதுக்குய்யா இறக்குறீங்கங்கறதுதான் என் கேள்வி.

இப்ப எங்க வீட்டுக் கணக்கு. அஞ்சு பேர், ஒரு நாளைக்கு 150 லிட்டர் சுடுதண்ணி. தொட்டியில இருந்து வர்ற தண்ணி 25 டிகிரி, அதை 50 ஆக்கணும். ஒரு லிட்டரை ஒரு டிகிரி ஏத்த 1.163 வாட்-அவர். பெருக்கிப் பாத்தா 4.36 யூனிட் வருது. ரெண்டு மாசத்துக்கு சுமாரா 260 யூனிட். கீசர் காயில்னா இந்த 260-ம் மீட்டர்ல ஓடும். சாதாரண ஹீட் பம்ப், நம்ம ஊரு வெதுவெதுப்புக்கு சி.ஓ.பி மூணரைன்னு வச்சா, 75 யூனிட். தமிழ்நாட்டு வீட்டு மின்கட்டணம் எப்படின்னு உங்களுக்குத் தெரியும். 2025 கட்டணப் பட்டியல்படி ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், 500 தாண்டுனா பட்டியலே மாறி கீழ இருக்கற யூனிட்டுக்கும் சேத்து விலை கூடிரும். அந்த 500-ங்கற கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமாங்கறதுதான் பல வீட்டுல புருஷன் பொண்டாட்டி சண்டையே. 185 யூனிட் குறையுறதுங்கறது அந்தக் கோட்டை விட்டு நல்லாத் தள்ளி நிக்கிற விஷயம்.

சரி, கூட ஒன்றரை மடங்கு காசு குடுத்து மைனஸ் 25 மாடல் வாங்குனா இந்த 75 எவ்வளவு ஆகும்? ஏறக்குறைய அதே 75. நடுவழியில ஆவி செருகுற அந்த வால்வு வெளிய 25 டிகிரி இருக்கும்போது திறக்க வேண்டிய அவசியமே இல்ல. மெஷினோட ஆயுசு பூரா அது மூடியே கிடக்கும். நீங்க காசு குடுத்து வாங்குனது அந்த வால்வைத்தான். சொந்த செலவுல சூனியம்னு இதைத்தான் சொல்றது. இதுல கூடுதலா ஒரு கன்ட்ரோல் போர்டு வேற. இடி மின்னல்ல போர்டு போச்சுன்னா உத்தமபாளையத்துல எந்த மெக்கானிக் வருவாரு? நம்ம பிரிட்ஜ் மெக்கானிக் அண்ணனுக்கு சாதாரண மாடலைப் பிரிச்சு மேயத் தெரியும். அதுக்கும் ஒரு விலை உண்டு, அது கொட்டேஷன்ல வராது.

(ஒரு உபரித் தகவல்: தண்ணி சூடாக்குற ஹீட் பம்ப் சூட்டைச் சுத்தி இருக்கற காத்துல இருந்துதான் எடுக்குது, அதனால அது விடுற காத்து ஜில்லுனு இருக்கும். அரிசி மூட்டை வைக்கிற ரூம் பக்கம் அதைத் திருப்பி விடலாம்னு அம்மா ஐடியா சொல்லியிருக்காங்க. மூணு வீட்டுப் பேச்சுலயும் நான் கேட்ட ஒரே உருப்படியான இன்ஜினியரிங் யோசனை அதுதான்.)

அப்பா ஒத்துக்கிட்டாரு. மாமாதான் மசியல.

"மாப்ள, உங்க ஊரு சூடான ஊரு, சரி. கொடைக்கானல் அப்படியா? சனவரில வந்து ஒரு ராத்திரி படுத்துப் பாரு, பல்லு தந்தி அடிக்கும். அங்கயும் சாதாரணது போதும்ங்கறியா?"

போதும்ங்கறேன் மாமா. ஆனா எந்த சாதாரணதுங்கறதுல விஷயம் இருக்கு.

கொடைக்கானல் ஏழாயிரம் அடி உயரம். சனவரி ராத்திரி சராசரியா எட்டு, ஒன்பது டிகிரிக்கு வரும். சில நாள் அதுக்கும் கீழ, ஏரிக்கரைப் புல்லுல உறைபனி படியும், பேப்பர்ல போட்டோ வரும். மூணாறு பக்கம் பூஜ்யத்துக்குக் கீழயும் போறது உண்டு. எப்படிப் பாத்தாலும் மைனஸ் 25-க்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. இந்தியாவுல அந்த மாடலுக்கு வேலை இருக்கற இடம் லே, திராஸ் மாதிரி ஊருங்கதான். மேலை நாட்டுல சாதாரண ஹீட் பம்ப்பையே 8 டிகிரியில வச்சுத்தான் அளக்குறாங்க. அதாவது சாதாரண மாடலோட சோதனைக் கூடத்து வெப்பநிலையே கொடைக்கானலோட சனவரி ராத்திரி. இதைவிடப் பொருத்தம் பத்து ஜாதகம் பாத்தாலும் அமையாது.

அப்ப கொடைக்கானல்ல எதைப் பாக்கணும்? இதைத்தான் எந்தக் கடைக்காரரும் சொல்ல மாட்டேங்கறாங்க. ஒண்ணு, ஸ்டார். எல்லாரும் அஞ்சு ஸ்டாரான்னு கேக்குறாங்க. அந்த ஸ்டார் 2018-ல இருந்து ஐ.எஸ்.இ.இ.ஆர்-ங்கற கணக்குல வருது, அது 24-ல இருந்து 43 டிகிரி வரைக்கும் வெளி வெப்பநிலை இருக்கும்போது எவ்வளவு நல்லா குளிர வைக்குதுங்கற அளவு. குளிர வைக்கிறதுக்கு மட்டும். சூடாக்குறதைப் பத்தி அந்த ஸ்டிக்கர் மூச்சே விடாது. கொடைக்கானல்ல சூடாக்க மெஷின் வாங்குறவரு ஸ்டாரைப் பாக்குறது, மாட்டுக்குப் பல்லைப் பாக்காம மணியைப் பாத்து வாங்குற மாதிரி. கம்பெனியோட டெக்னிக்கல் ஷீட்டை வாங்கி, ஹீட்டிங்ங்கற வரியில எத்தனை கிலோவாட் தருது, எத்தனை இழுக்குதுன்னு பாக்கணும். அது இல்லன்னு சொன்னா அந்த மாடலே வேணாம். ஹாட் அண்ட் கோல்டுன்னு பேர் போட்டு உள்ள வெறும் ஹீட்டர் காயிலை வச்சு வித்த மாடல்களும் உண்டு. அது ஏசிக்குள்ள ஒளிஞ்சிருக்கற கீசர், ஹீட் பம்ப் இல்ல.

அடுத்தது பனி. நிறைய பேருக்குத் தெரியாத மேட்டர் இது. ஹீட் பம்ப்போட வெளி யூனிட்டுக்கு ரொம்பத் தொல்லை குடுக்குறது மைனஸ் 20 இல்ல. அங்க காத்து காஞ்சு கிடக்கும். பூஜ்யத்துல இருந்து அஞ்சு டிகிரி வரைக்கும், அதுவும் ஈரக் காத்தா இருந்தா, அதுதான் சனியன். காயில் வெளிக்காத்தை விட இன்னும் சில டிகிரி குளிர்ந்து இருக்கறதால ஈரம் அதுல படிஞ்சு உறைஞ்சு காத்துப் போற வழியை அடைச்சுரும். கொடைக்கானல் மூடுபனிக்கு அளந்து வச்ச மாதிரி. அதனால மெஷின் அப்பப்ப தானே திருப்பி ஓடி அந்தப் பனியை உருக்கணும், அதுக்குப் பேரு டிபிராஸ்ட். அது ஒழுங்கா இருக்கான்னு கேளுங்க. உருகுன தண்ணி எங்க போய் விழும்னு பாருங்க, வாசப்படியில விழுந்தா விடியக்காலைல வழுக்கி விழுறது நீங்கதான். ஏழாயிரம் அடியில காத்தோட அடர்த்தி கடல்மட்டத்தை விட ஐந்துல ஒரு பங்கு கம்மி, அதனால மெஷின் ஷீட்ல போட்டதை விடக் கொஞ்சம் குறைச்சலாத்தான் தரும், அதுக்கு ஒரு சின்ன இடைவெளி விட்டுக்கங்க. அதுக்காக ஒரு டன் தேவைப்படுற ரூமுக்கு ரெண்டு டன் மாட்டாதீங்க. இன்வெர்டர் மெஷினுக்கும் இதுக்குக் கீழ இறங்க முடியாதுன்னு ஒரு அடிமட்டம் உண்டு. ரொம்பப் பெருசை மாட்டுனா அஞ்சு நிமிஷத்துல சூடாக்கி நிக்கும், திரும்ப ஓடும், திரும்ப நிக்கும். ராத்திரி பூரா அந்தச் சத்தத்துல மாமாவும் தூங்க மாட்டாரு, அத்தையும் தூங்க மாட்டாங்க.

அதுக்கும் முன்னாடி அந்த வீட்டு ஜன்னலைப் பாக்கணும். கட்டைக்கும் சட்டத்துக்கும் நடுவுல என் சுண்டு விரல் போகுது. ஓட்டை வாளியில தண்ணி இறைச்சுட்டு மோட்டாரைக் குறை சொல்லி என்ன பிரயோசனம்? மைனஸ் 25-க்குக் குடுக்கப் போற கூடுதல் காசுல பாதி போதும், ஜன்னலுக்கு ரப்பர் பட்டை, கனமான திரை, மேல் தளத்துக்கு உள்பக்கம் ஒரு தடுப்புன்னு எல்லாம் முடிஞ்சுரும். சொன்னேன். "ஜன்னல் நல்லாத்தான் இருக்கு மாப்ள"ன்னாரு.

இதுக்கு நடுவுல ரெண்டாவது கோஷ்டி. மாமாவோட பக்கத்து வீட்டுக்காரர். "ஏசியாவது சூடாக்குறதாவது, குளிர்ல அது வேலை செய்யாது, கரி போட்டுக் கணப்பு வைங்க"ங்கறாரு. இங்கதான் எனக்கு நிஜமாவே கோவம் வருது. மூடுன ரூமுக்குள்ள கரி அடுப்பை வச்சுட்டுத் தூங்குனா கார்பன் மோனாக்சைடு. வாசனை கிடையாது, புகை கிடையாது, முழிப்பும் கிடையாது. 2024-லகூட கொடைக்கானலுக்குச் சுற்றுலா வந்த பசங்க இப்படிச் செத்துப் போன செய்தி வந்துச்சு. குளிர்ல வேலை செய்யாதுன்னு போற போக்குல சொல்ற ஒரு வார்த்தை ஒரு குடும்பத்தை எங்க கொண்டு போய் விடும்னு யோசிச்சுப் பேசணும். ரெண்டாயிரம் வாட் ஆயில் ஹீட்டராவது உசுரை எடுக்காது, பில்லை மட்டும்தான் எடுக்கும்.

வேலை செய்யாதுன்னு சொல்றவங்க நார்வேயைப் பாருங்க. அங்க பத்துக்கு ஆறு கட்டடத்துல ஹீட் பம்ப் இருக்குன்னு சர்வதேச எரிசக்தி முகமை சொல்லுது. ஸ்வீடன், பின்லாந்துல பத்துக்கு நாலுக்கு மேல. ஐரோப்பாவுல குளிர் கூடுன நாடுகள்லதான் இது அதிகமா மாட்டியிருக்காங்க. ஆஸ்லோவுல எத்தனையோ ஈழத் தமிழ்க் குடும்பங்கள் இருக்கு, யாரையாவது கேட்டுப் பாருங்க.

இப்ப மச்சான் கிட்ட வருவோம். அவனுக்கு கோல்ட் கிளைமேட் வேணுமா வேணாமா? வேணும். அட, இவ்வளவு நேரம் திட்டிட்டு இப்ப என்ன பல்டின்னு கேக்காதீங்க. நான் திட்டுறது மெஷினை இல்ல. கிணத்து ஆழம் பாக்காம மோட்டார் வாங்குறதை.

பொட்டி தட்டுற மக்களுக்கு இது சுலபமாப் புரியும். சர்வர் எடுக்கும்போது தொண்ணூத்தொன்பதாவது பர்சன்டைல் பாப்போம்ல? என்னைக்கோ ஒரு தீபாவளிக்கு வர்ற கூட்டத்துக்காக வருஷம் பூரா நூறு மெஷினை ஓட விட மாட்டோம். வீட்டுச் சூட்டுக்கும் அதே மாதிரி ஒரு எண் உண்டு. கனடா கட்டட விதியில சனவரி மாசத்து மணி நேரங்கள்ல இரண்டரை சதவீதம் மட்டும் இதுக்குக் கீழ போகும்னு ஊருக்கு ஊரு ஒரு வெப்பநிலையைக் குறிச்சு வச்சிருக்காங்க. இரண்டரை சதவீதம்னா மாசத்துக்குப் பத்தொன்பது மணி நேரம் போல. டொராண்டோ நகரத்துக்கு அது மைனஸ் 18. மச்சான் வீடு அந்தக் குளிர்ல பத்து கிலோவாட் சூட்டை இழக்குதுன்னு வைங்க. 8 டிகிரியில பத்து கிலோவாட் தர்ற சாதாரண மெஷின் அங்க போனா அஞ்சு தந்தா பெரிய விஷயம். மிச்சம் அஞ்சுக்கும் மேல யாராவது தரணும்.

அந்த யாராவது யாருங்கறதுதான் முழு முடிவும். புதுசா ஒரு கேஸ் பர்னஸையும் கூட வச்சுக்கப் போறான்னா, சாதாரண ஹீட் பம்ப்பே போதும். மைனஸ் 5 வரைக்கும் பம்ப், அதுக்குக் கீழ கேஸ். ரெண்டும் சேந்து ஓடுற வீடுகள் அங்க ஏகப்பட்டது. ஆனா மச்சான் கேஸ் கனெக்ஷனையே வெட்டி விடப் போறேங்கறான், மாசாமாசம் அதுக்கு நிலைக் கட்டணம் கட்டக் கடுப்பா இருக்காம். அப்ப மிச்சத்துக்கு எலக்ட்ரிக் காயில்தான். பதினஞ்சு கிலோவாட் காயில்னா 240 வோல்ட்ல 62 ஆம்பியர் இழுக்கும். அவன் வீட்டுக்கு வர்ற மொத்த இணைப்பே 100 ஆம்பியர். அடுப்பு, துணி காயப்போடுற மெஷின், நாளைக்கு வாங்கப் போற எலக்ட்ரிக் கார், எல்லாம் அதுக்குள்ளதான். இங்கதான் கோல்ட் கிளைமேட் மெஷின் தன் விலைக்கு நியாயம் செய்யுது. காயிலோட அளவைச் சுருக்கிருது, பேனலை மாத்துற செலவைத் தவிர்க்க விடுது. அமெரிக்காவோட எனர்ஜி ஸ்டார் கோல்ட் கிளைமேட் முத்திரை வாங்கணும்னா மைனஸ் 15 டிகிரியில சி.ஓ.பி 1.75-க்குக் குறையக் கூடாது, 8 டிகிரியில தர்ற சூட்டுல 70 சதவீதமாவது அங்கயும் தரணும். பாத்தீங்களா, அது வெறும் பேரு இல்ல, பின்னாடி எண் இருக்கு. அந்த எண்ணைக் கேளுன்னுதான் மச்சான்கிட்டயும் சொன்னேன். மைனஸ் 25 வரைக்கும் "ஓடும்"ங்கறதுக்கும் மைனஸ் 25-ல "சூடு தரும்"ங்கறதுக்கும் நிறைய தூரம். என் பழைய ஸ்பிளெண்டர்கூட போடிமெட்டு ஏறும். மூணு பேரை வச்சு ஏறுமா?

இதே மச்சான் லண்டன்லயோ சிட்னியிலயோ இருந்திருந்தா நான் வேற சொல்லியிருப்பேன். லண்டன்ல குளிர் கணக்கே மைனஸ் ரெண்டு, மூணுதான், அங்க சாதாரணது தாராளம். சிட்னியில வீட்டுக்கு வீடு இருக்கற ரிவர்ஸ் சைக்கிள் ஏசியே வேலையை முடிச்சுரும்.

"எதிர்காலத்துக்கு இருக்கட்டுமே"ன்னு ஒரு வாதம் வரும். உத்தமபாளையத்துக்கு எந்த எதிர்காலத்துல மைனஸ் 25 வரப் போகுது? வெயில் கூடிட்டு இருக்கற உலகத்துல குளிருக்கு இன்சூரன்ஸ் எடுக்குறாய்ங்க. "விலை கூடுனது கட்டுமானம் நல்லா இருக்கும்ல?"ன்னு மாமா கேட்டாரு. இது கொஞ்சம் நியாயமான கேள்வி. அந்த வரிசையில வர்ற மெஷின் பலதும் இன்வெர்டர், சத்தம் கம்மி, காயில் பெருசு. அதெல்லாம் வேணும்னா இன்வெர்டர் இருக்கற சாதாரண மாடலை எடுங்க, அதுலயும் அது கிடைக்கும். இன்வெர்டருக்குக் காசு குடுங்க. மைனஸுக்குக் குடுக்காதீங்க.

கடைக்காரரைக் குத்தம் சொல்லவும் எனக்கு மனசு வரல. வாங்க வர்றவன் "இருக்கறதுலயே பெருசு எது?"ன்னு கேட்டா அவரு பெருசைத்தான் எடுத்துக் காட்டுவாரு. அப்பா போய் "எங்க ஊரு மார்கழிக் குளிர்ல இது எத்தனை கிலோவாட் தரும், எத்தனை இழுக்கும்?"னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதி நீட்டியிருக்காரு. அவரு ரெண்டு தடவை படிச்சுட்டு, "சார், நீங்க இருநூறு லிட்டர் சாதாரண மாடலே எடுத்துக்கங்க"ன்னு அவரே சொல்லிட்டாராம். எழுதிக் குடுத்தது யாருன்னு அப்பா சொல்லல. அதுல எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

மாமா இன்னும் முடிவு பண்ணல. ஜன்னலுக்கு மட்டும் ஆசாரியை வரச் சொல்லியிருக்காராம், அதுவும் அத்தை போட்ட சத்தத்துக்கு அப்புறம்.

டிஸ்கி: "சோலார் போட வேண்டியதுதானே, எதுக்கு இந்த ஹீட் பம்ப் புராணம்?"னு கேக்க வர்றவங்களுக்கு. போடலாம். மாடியில இடமும் வெயிலும் இருந்தா அதான் மலிவு. ஆனா எங்க பள்ளத்தாக்குல ஆனி, ஆடியில மேற்குல இருந்து காத்தும் சாரலும் அடிக்கும்போது வானம் நாள் கணக்குல மூடிக் கிடக்கும். அந்த நாள்ல சோலார் தொட்டிக்குள்ள ஓடுறது அதே பழைய கீசர் காயில்தான். போர் தண்ணி உப்பு வேற, குழாய்க்குள்ள சுண்ணாம்பு கட்டிரும். ரெண்டையும் வச்சுக் கணக்குப் போட்டவங்க யாராவது இருந்தா யூனிட் கணக்கோட பின்னூட்டத்துல சொல்லுங்க. ஸ்மைலி மட்டும் போட்டுட்டுப் போறவங்களுக்கு அடுத்த பதிவுல என்ட்ரோபி வகுப்பு நடத்தப்படும்.